சாப்பிட்டாச்சாப்பா

மடியில் இருக்கும் பைக்குள் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, இந்த நேரத்தில் எனக்குச் செய்தி அனுப்புவது 'தெளிவு' மட்டும்தான், குடியைக் குறைக்க நினைப்பவர்களுக்காகச் செய்த செயலி, பச்சை வட்டத்துக்குள் ஒரு தண்ணீர்ச் சொட்டு, அதற்குக் கீழே மாலை வணக்கம் துணைவரே, இன்று உங்கள் அன்புக்குரியவரிடம் பேசினீர்களா. துணைவரே என்று என்னை வேறு யாரும் கூப்பிடுவதில்லை. ஆபீசில் செண்பா, விடுதி வார்டனுக்கு 'மாடி ரூம் ஜன்னலோரம்', அப்பாவுக்கு வெறும் 'ம்மா', சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்த ஒன்றரை எழுத்துதான் நான். இன்னும் பேசவில்லை, இறங்கியதும் பேசுவேன். பஸ்ஸில் நான் பேசுவதில்லை. முன் சீட்டு அக்கா தினமும் இதே பஸ்ஸில் உட்கார்ந்துதான் தன் நாத்தனாரின் நகையிலிருந்து கர்ப்பப்பை வரைக்கும் யாரிடமோ சொல்லிக்கொண்டு வருகிறாள், அவள் குரலில் ஒரு கூச்சமும் இல்லை, எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நான் போனைக் காதில் வைத்தாலே எனக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டதுபோல இருக்கும். சின்னியம்பாளையத்தில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும், ஹோப் காலேஜ் வந்துவிட்டால் அடுத்தவர் விட்ட மூச்சைத்தான் வாங்க வேண்டும். கண்டக்டர் நெருக்கித் தள்ளிக்கொண்டு வந்து பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்து நீட்டுகிறார், முகத்தைப் பார்க்காமல், நான் அவர் விரலைத்தான் பார்க்கிறேன். எந்த ஊர் பஸ்ஸில் ஏறினாலும் கண்டக்டரின் விரலைத்தான் பார்ப்பேன். நீளவாக்கில் மடித்த நோட்டுகளை விரலிடுக்கில் செருகியிருக்கிறாரா, எச்சில் தொட்டுக் கிழிக்கிறாரா, விரல் நடுங்குகிறதா. இவருக்கு நடுங்கவில்லை. அப்பாவுக்குக் காலையில் நடுங்கும், முதல் டிரிப்பில், மத்தியானத்துக்குள் நின்றுவிடும். கோயில்பட்டி டிப்போவில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் தெரியாது.

தெரியாது என்றால் சொல்ல வார்த்தை கிடையாது. அம்மா இருந்த வரைக்கும் அதற்கு 'அசதி' என்று பெயர். அப்பாவுக்கு அசதியா இருக்கு, டிவியக் குறை. அப்பாவுக்கு அசதி, கல்யாணத்துக்கு நாம ரெண்டு பேரும் போயிட்டு வருவோம். நான் ரொம்ப நாள் அது ஒரு நோய் என்றே நினைத்திருந்தேன், சர்க்கரை மாதிரி, ஆஸ்துமா மாதிரி, அதனால் ஒருநாள் அம்மாவுக்குத் தெரியாமல் மெடிக்கல் ஷாப்புக்குப் போய், அசதிக்கு மாத்திரை குடுங்க என்று கேட்டேன். யாருக்கு பாப்பா. அப்பாவுக்கு. எந்த அப்பா. கண்டக்டர் சங்கரபாண்டி. கடைக்காரர் உள்ளே இருந்தவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதுக்கு மாத்திரை வரல பாப்பா, எதிர்க்கடைய மூடினாத்தான் உண்டு என்றார். எதிரே பார்த்தேன், வளையல் கடையும் ஒரு சைக்கிள் கடையும்தான் இருந்தன. பிறகு வளர்ந்து, எதிர்க்கடை எது என்று தெரிந்த பிறகும் வார்த்தை வரவில்லை. தண்ணி என்றால் தெருச்சண்டை. சரக்கு என்றால் சினிமா. குடி என்றால் யாரோ ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்கிறது. மது அருந்துதல் என்பது பாட்டில் மேல் ஒட்டுகிற காகிதத்தில் இருப்பது. ஒரு பெண் தன் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லக்கூடிய வார்த்தை இந்தப் பாஷையில் ஒன்றுகூட இல்லையா என்று நான் விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று யோசித்திருக்கிறேன். தெளிவு மாத்திரம் கூச்சமே இல்லாமல் சொல்கிறது, சுற்றி வளைக்காதீர்கள், குற்றம் சொல்லாதீர்கள், நேரடியாகக் கேளுங்கள், 'இன்று மது அருந்தினீர்களா?' அருந்தினீர்களா அப்பா என்று கேட்டால் அவர் தேர்தல் அதிகாரி வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றுவிடுவார்.

ஆஸ்பத்திரி ஆலோசகர் ஜெசிந்தா மேடம் ஒரே ஒரு தடவை போன் செய்தார். உங்கப்பா தானா வந்தாரும்மா, யாரும் இழுத்துட்டு வரல, யூனிஃபார்மோட வந்து வரிசையில நின்னாரு, அப்படி வர்றவங்க ரொம்பக் கம்மி, அவரு வர்ற மனசு இருக்கிற இந்தக் கொஞ்ச நாள்தான் நமக்கு, ஈரல் இன்னும் கொஞ்சம் இடம் குடுக்குது, அப்புறம் குடுக்காது, அவரு போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கேன், துணைக்கு யாரு பேரு போடணும்னு கேட்டேன், உன் பேரைச் சொன்னாரு, தினம் சாயங்காலம் ஒரு வார்த்தை கேளு, அவ்வளவுதான் உன் வேலை. அவ்வளவுதான் என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கே செய்தி வந்தது, உங்கள் அப்பா உங்களைத் துணைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார், ஏற்கிறேன், இப்போது வேண்டாம். ஏற்கிறேனை அழுத்தினேன். அப்பாவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவோம், அதன் பிறகு தினமும் சாயங்காலம், அதுதான் வித்தியாசம். அப்பாவுக்கு என்ன செய்தி போகிறது என்று எனக்கும் காட்டும், உங்கள் துணைவர் இன்று அழைப்பார், அவர் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், அது போதும். மணி முழுதாக ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிடுவார். கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பாரோ என்னவோ. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கேட்டுவிட வேண்டும் என்று முடிவோடு, அப்பா என்பேன், சொல்லும்மா என்பார், அந்த இடத்தில் எனக்கு நாக்கு புரளாது, வருகிற வார்த்தை வந்துவிடும், எந்த மகளும் கேட்கிற அந்தப் பழைய வார்த்தை, சாப்பிட்டாச்சாப்பா. அவர் அதற்குப் பதில் சொல்வார். நான் சரிப்பா, வச்சிர்றேன் என்பேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். பிறகு செயலியில் 'கேட்டேன்' என்பதை அழுத்துவேன், ஒரு தாமரை மொட்டு விரியும், நன்றி துணைவரே. கேட்டேன்தான், வேறு ஒன்றை. அந்தச் செயலியில் ஆசை வரும்போது அழுத்துங்கள் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூமில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது எந்த ஆசையும் வராமலே அதை அழுத்திப் பார்த்தேன். ஒரு பெண் குரல், மூச்சை மெல்ல இழுங்கள், நீங்கள் தனியாக இல்லை என்றது. அன்று முழுக்க என்னிடம் பேசிய ஒரே குரல் அது. திரும்பவும் அழுத்தினேன்.

ஹோப் காலேஜ். கூட்டம் ஏறுகிறது, யாருடைய டிபன் பாக்ஸோ என் தோளில் இடிக்கிறது, உள்ளே ஸ்பூன் உருளுகிற சத்தம். நேற்றைய பேச்சு எங்கேயோ மாட்டிக்கொண்டு இழுக்கிறது, துப்பட்டா கம்பியில் மாட்டினால் எங்கே மாட்டியது என்று தெரியாமல் கழுத்தில் இழுக்குமே அப்படி. காலையிலிருந்து இழுக்கிறது. நேற்று நான் கேட்டேன், சாப்பிட்டாச்சாப்பா. சாப்பிட்டேம்மா என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் அதற்கு முன்பு எத்தனையோ நாளாகக் கேட்கும்போதெல்லாம் சாப்பிடலம்மா, இன்னிக்கும் சாப்பிடலம்மா, அதையும் ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரிச் சொல்வார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றே தெரியாது. தினமும் பேச ஆரம்பித்த புதிதில் சாப்பிட்டேன் என்பார், என்னப்பா சாப்பிட்டீங்க என்றால் வழக்கம்போலத்தாம்மா என்பார், நான் அதைப் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் ரெண்டு புரோட்டா என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். பிறகு சாப்பிடல, சாப்பிடல, சாப்பிடல. பட்டினி கிடந்து செத்துவிடப் போகிறார் என்று படுக்கையில் புரண்டேன். அதனால்தான் போன வாரம் கெஞ்சினேன், இப்படி ஒரேயடியா இருந்தா உடம்பு தாங்குமாப்பா, கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க. கொஞ்சமாவா, என்றார். ஆமாப்பா, எனக்காக. நீயா சொல்றம்மா. நான்தான் சொல்றேன். அப்பா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் மகிழ்ந்துபோனேன், ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை, இப்போது நினைத்தால் படியில் கால் தவறியவர் கையில் கம்பி கிடைத்ததும் சிரிப்பாரே அந்தச் சிரிப்பு. அப்படியும் நேற்று வரைக்கும் சாப்பிடல என்றுதான் சொன்னார். நேற்று, சாப்பிட்டேம்மா. அப்பாடா, நல்லதுப்பா என்றேன். அப்புறம்தான் அது. உனக்குக் கோபம் இல்லையேம்மா. எதுக்குப்பா கோபம். இல்ல, கேட்டேன். தினமும் இப்படிச் சாப்பிட்டீங்கன்னா எனக்கு நிம்மதிதான்பா. நிம்மதியா, என்றார். ஆமாப்பா. சரிம்மா. நான் வைப்பதற்கு முன்னால் அவரே வைத்துவிட்டார், இதுவரைக்கும் அவர் வைத்ததில்லை. கோபம் எதற்கு. அம்மா திவசத்துக்கு நான் வராததற்கு அவருக்கல்லவா கோபம் இருக்க வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிட்டதற்கு நான் கோபப்படுவேன் என்று நினைத்தாரா. கறி சாப்பிட்டாரா, வெள்ளிக்கிழமையில். அதற்கெல்லாம் கோபம் இல்லையே என்று கேட்கிற ஆள் இல்லை அவர். உனக்குக் கோபம் இல்லையேம்மா. 'ம்மா' அந்தத் தடவை கொஞ்சம் நீண்டது.

எனக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண்கள். ஒருவர் பெரியவர், மில் சட்டை, இன்னொருவர் இளைஞர், கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை. பெரியவரின் கை என் சீட்டுக் கம்பியில் இருக்கிறது, கட்டை விரல் நகம் கறுத்துப்போய். இளைஞர் ஏதோ கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் கேட்காமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்ணா, அன்னிக்கு ராத்திரி மண்டபத்துக்குப் பின்னாடி நாங்க எல்லாம் உக்காந்தோம், உங்களைக் காணவே இல்லீங்க."

"நான் இப்பச் சாப்பிடறது இல்ல கண்ணு."

"பொய் சொல்லாதீங்ணா. பந்தியில பக்கத்துலதான நான் இருந்தேன், பாயாசமே மூணு தடவை வாங்கினீங்க."

"அட கிறுக்கா. அது சாப்பாடு. நீ கேக்கறது வேற சாப்பாடு."

"ஓ, அந்தச் சாப்பாடு விட்டாச்சுங்களா. வூட்டுல அக்கா தடை போட்டுட்டாங்களா?"

"அவ போட்டா நான் கேப்பனா? எம்பொண்ணு ஒரு நா கேட்டுப்போட்டா. அப்பா, சாப்பிட்டிருக்கீங்களான்னு. அவ்வளவுதான்."

இளைஞர் சிரிக்கிறார். பெரியவரும் சிரிக்கிறார். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்குகிறது, எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்கிறார்கள், நான் நிமிரவில்லை. எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை அது. ஆண்கள் ஆண்களிடம் குடியை மரியாதையாகக் கேட்பது, சார் சாப்பிடுவீங்களா, மாப்பிள்ளை சாப்பிடுவாரா. அப்பாவின் வாயில் அது இருக்கும் என்று, என்னிடம் சொல்கிற வாயில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாப்பிடலம்மா. இன்னிக்கும் சாப்பிடலம்மா. துணைவர் கேட்பார், உண்மையைச் சொல்லுங்கள், அது போதும். துணைவர் கேட்டார். தினமும் ஒரே கேள்விதான் கேட்டார். அப்பா உண்மையைச் சொன்னார். வழக்கம்போலத்தாம்மா என்று முதலில் சொன்னார், அதையும் மறைக்கவில்லை, என்ன சாப்பிட்டீங்க என்று நான் கேட்டதற்கு மகளிடம் அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கூனிக்குறுகிச் சொல்லியிருப்பார். பிறகு டிப்போ வாசலில், வேலை முடிந்து, மற்றவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போக, கை நடுங்க நின்று, போன் வரும்வரை நின்று, சாப்பிடலம்மா. பாஸாகிவிட்டேன் என்ற குரல். அதற்கு நான் என்ன சொன்னேன். உடம்பு தாங்குமாப்பா. கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க. எனக்காக. ஐயோ, எனக்காக என்று சொன்னேன். நீயா சொல்றம்மா என்று கேட்டாரே, அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா. படித்த பெண் சொல்கிறாள், செயலிக்காரர்கள்தான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பார்கள், ஒரேயடியாக நிறுத்தக் கூடாதாம், குறைத்தால் போதுமாம் என்று நினைத்திருப்பார். அப்படியும் சில நாள் தாக்குப்பிடித்தார். நேற்று முடியவில்லை. உனக்குக் கோபம் இல்லையேம்மா. தினமும் இப்படிச் சாப்பிட்டா எனக்கு நிம்மதி. யாராவது அதை என் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தால் தேவலை. நிம்மதியா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டார் மனிதர், அவருக்கு அது ஒத்துவரவில்லை, ஆனாலும் சரிம்மா என்றார். மகள் நிம்மதியாக இருக்கட்டும் என்று இன்றைக்கும் கடைக்குப் போவார். இந்நேரம் டூட்டி முடிந்திருக்கும். பணம் கட்டி, பையை ஒப்படைத்து, முகம் கழுவி, வாசலுக்கு வந்திருப்பார். நான் காந்திபுரத்தில் இறங்கி, சாலை கடந்து, மொட்டைமாடி ஏறி, தொண்டையைச் சரிசெய்து, அதற்குள்.

போனை எடுக்கிறேன். பஸ்ஸில் நான் பேசுவதில்லை. அழுத்துகிறேன். அடிக்கிறது. முழுதாக ஒரு தடவை அடிக்கிறது, இன்னொரு தடவை, இன்னொரு தடவை, எடுக்கவில்லை. பீளமேடு என்று யாரோ சொல்கிறார்கள். திரும்ப அழுத்துகிறேன். முன் சீட்டு அக்கா தன் நாத்தனாரை நிறுத்திவிட்டு என் பக்கம் லேசாகத் திரும்புகிறாள், என் மூச்சு அவ்வளவு சத்தமாகவா இருக்கிறது. அடிக்கிறது. கடைக்குள் போயிருந்தால் எடுக்க மாட்டார், அங்கே இருந்துகொண்டு என்னிடம் பேச மாட்டார், அந்த மரியாதை அவருக்கு உண்டு. எடுங்கப்பா. எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா." பின்னால் ஹாரன் சத்தம், யாரோ தென்காசி தென்காசி என்று கூவுகிறார்கள்.

"அப்பா."

"சொல்லும்மா. பஸ்ஸுல இருக்கியா? இரைச்சலா இருக்கே."

அந்த இடம் வந்துவிட்டது. சொல்லும்மா என்கிற இடம். நாக்கின் நுனியில் பழையது வந்து நிற்கிறது, அதை விழுங்குகிறேன். வேறு வார்த்தை இல்லை. நாகரிகமான வார்த்தை என்று ஒன்று இனிமேல் யாரும் கண்டுபிடித்துத் தரப் போவதில்லை.

"அப்பா, இன்னிக்குக் குடிச்சீங்களா?"

"என்னம்மா? கேக்கல. சத்தமாச் சொல்லு."

டிரைவர் கியர் மாற்றுகிறார், அதற்கும் மேலே நான் கத்த வேண்டியிருக்கிறது. "குடிச்சீங்களாப்பா. இன்னிக்குக் குடிச்சீங்களா."

பேச்சு நின்றுவிடுகிறது. நான் எப்போதும் பயந்தது இதைத்தான், எனக்குப் பின்னால் எல்லோரும் பேச்சை நிறுத்துவது, இப்போது நிஜமாகவே நிறுத்தியிருக்கிறார்கள். என் சீட்டுக் கம்பியிலிருந்து கறுத்த நகம் உள்ள கை மெதுவாக எடுக்கப்படுகிறது. கழுத்தெல்லாம் சூடு. இருக்கட்டும். பார்க்கட்டும். போனுக்குள் தென்காசி தென்காசி நின்றுவிட்டு வேறொரு பஸ் பின்வாங்குகிற சத்தம், அதற்கு நடுவில் அப்பா இல்லை, வைத்துவிட்டாரா என்று எடுத்துப் பார்க்கிறேன், வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"இன்னும் இல்ல," என்கிறார்.

"எங்கப்பா நிக்கிறீங்க?"

"அங்கதாம்மா. கடை வாசல்ல." பிறகு, சின்னப் பையன் மாதிரி, "நீதானம்மா நேத்து நிம்மதின்னு சொன்ன."

"நான் சோத்தைக் கேட்டேன்பா. சோறு சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"சோத்தையா?"

"ஆமாப்பா."

"தினமும் சோத்தைத்தான் கேட்டியா?"

"ஆமாப்பா. எனக்கு மத்தது கேக்க வரல. கூச்சமா இருந்துச்சு."

அவர் சிரிப்பார் என்று நினைக்கிறேன், இந்தக் கதையை டிப்போவில் யாராவது சொல்லியிருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். சிரிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது, மூக்கடைத்தவர் விடுகிற மூச்சு. அந்த வாசலில் அவரை இடித்துக்கொண்டு ஆட்கள் போய்வருவார்கள், தெரிந்தவர்கள் இருப்பார்கள், காக்கிச் சட்டையோடு ஒரு மனிதர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்ப," என்கிறார், "இத்தன நாளும் என்னைய யாரும் கேக்கவே இல்லையாம்மா?"

கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆள் அத்தனை சாயங்காலமும் நின்றிருக்கிறார். லட்சுமி மில்ஸ், இறங்கறவங்க முன்னால வாங்க என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார், என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொள்கிறார்.

"இல்லப்பா. இன்னிக்குத்தான் கேக்குறேன்."

"ம்."

"வச்சிராதீங்க."

"வைக்கல." எதையோ தள்ளிக்கொண்டு நகர்கிற சத்தம், பாட்டில்கள் உரசுகிற சத்தம், அது அவருக்குப் பக்கத்திலா தூரத்திலா என்று தெரியவில்லை. பிறகு அவர் குரல், முன்னைவிடத் தெளிவாக, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டவர் குரல். "இப்பக் கேட்டியே, அந்த வார்த்தைய இன்னொருக்கக் கேளும்மா."

கேட்கிறேன்.